கையை எடுங்க, சார்!

போன சனிக்கிழமை ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். போயிருக்கக் கூடாது.

மயிலாப்பூரில் குளுகுளு ஹால். மேடையில் ஒரு தொழிலதிபர். கழுத்துக் கொள்ளாமல் மாலை, மடி கொள்ளாமல் சால்வை. ஏற்புரைக்கு எழுந்தவர், தைரியம் என்றால் என்ன என்பதற்குத் தன் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொன்னார்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி, எங்க கம்பெனி விமானத்துல டெல்லியிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கோம். சின்ன விமானம். ரெண்டு எஞ்சின். திடீர்னு ஒண்ணு நின்னுபோச்சு! பைலட்டுக்குக் கை நடுங்குது. பக்கத்து சீட்டுல நான். அவர் தோள்மேல கையை வெச்சேன். 'பயப்படாதீங்க கேப்டன், நான் இருக்கேன், ஏரியில இறக்குங்க'ன்னேன். இறக்கினார். இதோ, உங்க முன்னாடி நிக்கிறேன்!"

ஹால் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்த அம்மாள் கைதட்டிவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நான் தட்டவில்லை. ஏனென்றால், அந்த விமானத்தில் நானும் இருந்தேன். அவருக்கு நேர் பின் சீட்டில்!

'இந்தப் பக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும்' என்று கடிதம் எழுதுகிறவர்கள் இந்த வாரம் மன்னிக்கவும். எனக்குக் கோபம். வைக்கிற காபியெல்லாம் ஆறிப்போகிறது, இது மட்டும் ஆறமாட்டேன் என்கிறது.

எழுத வருவதற்கு முன் நான் ஸ்டெனோ. ஸ்ரீபெரும்புதூர் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. பென்னலூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பம்ப் செட் தொழிற்சாலை. மேடையில் பேசினாரே, அவருடையதுதான். அவர் அறை வாசலில் என் மேஜை. இங்கிலீஷ், தமிழ் இரண்டிலும் சுருக்கெழுத்து பாஸ் செய்திருந்தேன். அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் பென்சிலால் பிடிப்பது என் வேலை.

கம்பெனிக்கு ஆறு சீட் விமானம் ஒன்று இருந்தது. மீனம்பாக்கத்தில் நிற்கும். ஓட்டுபவர் கேப்டன் செல்லையா. திருநெல்வேலிக்காரர், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை — ஒரே ஒரு நாள் தவிர.

டெல்லியில் ஒரு தொழில் கண்காட்சி. எங்கள் புது பம்ப்பை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது கேப்டன் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா வைதேகி, ஒரு லெட்டர் எழுதணும். நான் சொல்லுதேன், நீ நல்ல இங்கிலீஷ்ல போட்டுக் குடு."

விஷயம் சின்னது. இடதுபக்க எஞ்சின் அளவுக்கு மீறி ஆயில் குடிக்கிறது. பிரித்துப் பார்க்க வேண்டும். பார்க்கும்வரை நெடுந்தூரம் போகக் கூடாது. நோட்டில் குறித்து, டைப் அடித்து, முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். மூலையில் சிவப்பு மையில், 'டெல்லிக்குப் பிறகு' என்று எழுதினார்.

"கேப்டன், ரெண்டு எஞ்சின் எதுக்கு இருக்கு? ஒண்ணு போனா இன்னொண்ணு!"

"ரெண்டும் வேணும்னுதான் சார் ரெண்டு வெச்சிருக்கான்."

முதலாளி சிரித்தார். கிளம்பினோம்.

நாலு பேர். முன்னால் கேப்டன், அவருக்கு வலப்பக்கம் முதலாளி. பின்னால் நானும் ஏழுமலையும். ஏழுமலை எங்கள் ஃபிட்டர். சேரப்பணஞ்சேரிக்காரர், நாற்பது வயதிருக்கும். அந்தப் புது பம்ப்பின் ஒவ்வொரு திருகும் அவருக்கு அத்துப்படி. பம்ப் முன்கூட்டியே ரயிலில் போய்விட்டது. அதை ஓட்டிக் காட்ட அவர். போகிற வழியெல்லாம் டிக்டேஷன் எடுக்க நான்.

பெண் விமானத்தில் போகிறாள் என்று வீட்டில் ஏகப் பெருமை. உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது இறக்கை வைத்த லாரி. காது கிழியும் சத்தம். முதலாளி திரும்பி உட்கார்ந்து கத்துவார், நான் குனிந்து எழுதுவேன். அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. முதலாளியோ ஃபிளாஸ்க்கைத் திறந்து திறந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். (ஆண்களுக்கு எப்படியோ எல்லா ஏற்பாடும் இருக்கிறது!)

கேப்டன் மட்டும் ஒரு முறை திரும்பி, முழங்கால்மேல் மடித்து வைத்திருந்த வரைபடத்தில் பென்சில் கோட்டைக் காட்டி, "கீழ பாரும்மா, கிருஷ்ணா" என்றார். பார்த்தேன். மணலுக்கு நடுவில் ஒரு பழுப்பு நூல்.

ஏழுமலை பார்க்கும் நிலையில் இல்லை. காகிதப் பையிலிருந்து முகத்தை எடுத்து என்னிடம் சொன்னார்: "பஸ்ஸுன்னா ஓரமா நிறுத்துப்பான்னு சொல்லலாம் டைப்பிஸ்ட்டம்மா. இதுல யார்கிட்ட சொல்றது?"

ஹைதராபாத்தில் பெட்ரோலுக்கு இறங்கினோம். கேப்டன் இடது எஞ்சினுக்கு ஆயில் ஊற்றினார். நாகபுரியில் இறங்கினோம். மறுபடியும் இடது எஞ்சினுக்கே ஊற்றினார். ஏழுமலைக்கு அதற்குள் தெளிந்துவிட்டது. போய்ப் பக்கத்தில் நின்று, எஞ்சின் மூடியில் விரலால் வழித்துப் பார்த்தார்.

"இன்னா கேப்டன் சார், இந்தப் பக்கம் மட்டும் இப்டிக் குடிக்கிது? பிஸ்டன் ரிங்கு பூட்ச்சா?"

"நீயாவது கேக்கியே!"

"மொதலாளியாண்ட சொல்ட்டியா?"

"சொன்னேன். எழுதியும் குடுத்தேன்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

டெல்லியில் எங்கள் பம்ப்புக்குப் பதக்கம் கிடைத்தது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஒரு ஒர்க்‌ஷாப்பும் கிடைத்தது. இரண்டு நாள் கேட்டார்கள். முதலாளி மறுத்துவிட்டார். வியாழக்கிழமை காலை பென்னலூரில் புது ஷெட்டைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். புதன்கிழமை மெட்ராஸில் இருந்தாக வேண்டும். அதோடு, பதக்கம் வாங்கிய பம்ப்பை அமைச்சர் கண்ணால் பார்க்க வேண்டாமா? ரயிலில் திரும்ப வேண்டிய மரப்பெட்டி, கடைசி இரண்டு சீட்டையும் கழற்றிவிட்டு, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தது. கயிற்றால் கட்டினார்கள்.

"ரெண்டு எஞ்சினும் ஓடுனாச் சுமக்கும் சார். ஒண்ணு நின்னா சுமக்காது" என்றார் கேப்டன்.

"அபசகுனமாப் பேசாதீங்க."

அப்போதே அவர் சாவியை வீசிவிட்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பின்னாளில் நானும் கேட்டேன். "வீசியிருக்கணும்மா. இது போனா இந்த வயசுல எவன் பிளேன் குடுப்பான்னு நெனச்சேன். என் தப்புதான்" என்றார். தன் தப்பைத் தப்பு என்று சொன்ன ஒரே ஆளை இந்த விவகாரத்தில் நான் சந்தித்தது அப்போதுதான்.

புதன்கிழமை. நாகபுரி — ஆயில். ஹைதராபாத் — ஆயில். வைகாசி வெயில் விமானத்தைப் பந்தாகத் தூக்கிப் போட்டது. அமைச்சருக்கான வரவேற்புரையை முதலாளி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தேன். மெட்ராஸ் நெருங்கியதும் அவருக்கு ஒரு ஆசை வந்தது.

"பென்னலூர் மேல போங்க கேப்டன். ஷெட் கூரையில கம்பெனி பேரைப் பெரிசா எழுதச் சொல்லியிருந்தேன். மேலேர்ந்து தெரியுதான்னு பாக்கணும்."

"நேரா எறங்கிருவோம் சார். அந்த எஞ்சின்..."

"ரெண்டு நிமிஷம்!"

போனோம். "இன்னும் கொஞ்சம் கீழே" என்றார். போனோம். "இன்னும் கீழே. எழுத்து தெரியலை." வரவேற்புரை எங்கே முடிந்தது, உத்தரவு எங்கே ஆரம்பித்தது? எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது, எழுதினேன்.

கூரையில் பெயர் (கம்பெனிக்கு அவர் பெயர்தான்) நன்றாகவே தெரிந்தது. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் ஆயில் மீட்டர் முள்ளை விரலால் தட்டினார். அது விழுந்துகொண்டே போனது. இடது எஞ்சினின் மூடியிலிருந்து கறுப்பாக எண்ணெய் பின்னோக்கி ஓடியது. பெரிய உதறல். அவர் எதையோ இழுத்தார். அதுவரை சுற்றிக்கொண்டிருந்ததால் கண்ணுக்கே தெரியாத விசிறி, இப்போது தெரிந்தது. கட்டையாக நின்றது.

"மீனம்பாக்கம் போ!" என்றார் முதலாளி.

கேப்டன் கிழக்கே திருப்பினார். வலது எஞ்சின் முழு மூச்சாக அலறியது. ஆனாலும் இறங்கிக்கொண்டே இருந்தோம். வேகமாக அல்ல, மெதுவாக, ஒரு மாடிப்படியில் இறங்குவதைப்போல.

"எட்டாது சார். நடுவுல தாம்பரம், வீடு வீடா இருக்கு. முன்னாலயே நிலம் பாக்கணும்."

"மீனம்பாக்கம் போய்யா!"

அப்போதுதான் கை வைத்தார். தோளில் அல்ல! எஞ்சினைக் கட்டுப்படுத்தும் லீவரைப் பிடித்திருந்த கேப்டனின் வலது கையில். இரண்டு கையாலும், தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிப்பதைப்போலக் கெட்டியாக. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கையை எடுங்க, சார்."

எடுக்கவில்லை.

"கையை எடுங்க, சார்!"

எடுக்கவில்லை.

"கைய எடும்யா!"

அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். அதற்கும் அவர் விடவில்லை. பயம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. அதற்காக அவர்மேல் கோபமில்லை. ஏழுமலை பெல்ட்டை அவிழ்த்தார். முன்னால் சாய்ந்து, முதலாளியின் விரல்களை ஒவ்வொன்றாக — ஒரு போல்ட்டைத் தளர்த்துவதைப்போல — நெம்பி எடுத்தார். எடுத்த கைகளை அவர் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே பேசினார்.

"கேப்டன் சார், மணிமங்கலம் ஏரி காஞ்சி கீது. எங்காளுங்க வண்டி ஓட்டிக்கினு போறாங்கோ. மேக்கால கரையோரமா எறக்கு. நடுவுல பூடாத! சூளைக்கு மண்ணு எடுத்த பள்ளம் கீது, மேலேர்ந்து தெரியாது."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"நீ எறக்கு சார், பத்தும்!"

கரை வந்தது. பனைமரங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தன. சக்கரத்தை இறக்காமல் வயிற்றாலேயே கேப்டன் அதை ஏரியில் படுக்க வைத்தார். பல்லெல்லாம் ஆடியது. புழுதி. பின்னால் கயிறு அறுந்த சத்தம். பெட்டி என் சீட்டை உரசிக்கொண்டு முன்னால் போனது. ஏழுமலைக்கு மறுபடி பெல்ட் போட நேரம் இருக்கவில்லை. பதக்கம் வாங்கிய பம்ப் அவருடைய வலது தோள்மேல் வந்து நின்றது.

நின்றதும் முதல் ஆளாக இறங்கியவர் யார் என்கிறீர்கள்? கதவு முதலாளியின் பக்கத்தில். திறந்தார், குதித்தார், ஓடினார். திரும்பியே பார்க்கவில்லை. பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவே கேப்டனும் நானும்தான் பெட்டியை நகர்த்தி ஏழுமலையை இழுத்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து கயிற்றுக் கட்டிலில் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் அமைச்சர் வந்தார். ஷெட் திறந்தது. நெற்றியில் பிளாஸ்திரியோடு முதலாளி வரவேற்புரை படித்தார் — விமானத்தில் நான் எழுதியதுதான். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். 'என் எதிர்ப்பையும் மீறி, சாகசம் காட்டும் நோக்கில் விமானி தாழப் பறந்து விபத்தை விளைவித்தார். பணிநீக்கம் செய்யப்படுகிறார்.'

நான் என்ன செய்தேன்? டைப் அடித்தேன். மூன்று கார்பன் காப்பியோடு. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

கோபம் அவர்மேல் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

அன்று சாயங்காலம் ஃபைலைத் திறந்தேன். கேப்டனின் கடிதம், சிவப்பு மைக் குறிப்போடு இருந்ததே, அது இல்லை. முன் தாள் இருக்கிறது, பின் தாள் இருக்கிறது. நடுவில் அது மட்டும் காணோம். யாரையும் கேட்கவில்லை. அப்பா ரிடையர் ஆகும் வருஷம் அது. ஃபைலை மூடிவிட்டு பஸ் ஏறினேன்.

ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. ஒன்பது நாளா என்று அவர் கேட்கவில்லை.

"கம்பெனிலேர்ந்து ஆள் வந்தாங்கோ டைப்பிஸ்ட்டம்மா. கேப்டன் தானா கீழ எறக்கினாருன்னு சொல்லுன்றாங்கோ. சொன்னா வேலை நிக்குமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணா?"

"மயக்கத்துல இருந்தேன், ஒண்ணும் நெனப்பில்லன்ட்டேன். அவ்ளோதான் என்னால ஆச்சு. மூணு புள்ளைங்க கீது." மாவுக்கட்டை இடது கையால் நகர்த்தி வைத்துக்கொண்டார். "நீ எழுதிக்கினே இருந்தியே... உயிர் போற நேரத்துல இது இன்னாத்த எழுதிக்கினு கீதுன்னு நெனச்சேன். அதெல்லாம் கீதா?"

இருந்தது. எல்லாமே ஒரே நோட்டில் இருந்தது. கேப்டன் சொன்ன கடிதம், வரவேற்புரை, 'இன்னும் கீழே', 'கையை எடுங்க, சார்' — கடைசி வரை. தைரியத்தினால் எழுதவில்லை. பயத்தில் கை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மறுவாரம் மீனம்பாக்கத்தில் விசாரணை. டெல்லியிலிருந்து வந்த அதிகாரி முன்னால் நோட்டைப் பிரித்துப் படித்தேன். கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி வக்கீல் எழுந்து, இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாமே என்றார். அதிகாரி நோட்டைக் கேட்டு வாங்கினார். சுருக்கெழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால், கடைசிப் பக்கத்தில் கோடுகள் துள்ளித் துள்ளி, விமானம் தரையைத் தொட்ட இடத்தில் பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் கிழிசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த டிஸ்மிஸ் லெட்டரை டைப் செய்தது யார்?"

"நான்தான் சார்."

"பொய் என்று தெரிந்தேவா?"

"தெரிந்தேதான் சார்."

"ஏன்?"

"வேலை, சார்."

அறிக்கை வந்தது. பழுது என்று தெரிந்தும் பறந்ததற்காகக் கேப்டனின் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தம். அது நியாயம், அவரே ஒப்புக்கொண்டார். முதலாளிக்கு? 'அறிவுரை' வழங்கப்பட்டது! ஓட்டியவனுக்குத் தண்டனை, ஓட்டச் சொன்னவனுக்கு அறிவுரை. நம் நாட்டில் அறிவுரை எவ்வளவு மலிவு பாருங்கள்.

நான் ராஜினாமா கடிதத்தை நானே டைப் அடித்துக் கொடுத்தேன். கேப்டன் இப்போது தெற்கே ஒரு ஃபிளையிங் கிளப்பில் பாடம் நடத்துகிறார். ஏழுமலையின் வலது கை தோளுக்குமேல் எழும்பவில்லை. ஃபிட்டர் வேலை போய், கேட்டில் வாட்ச்மேன் ஆனார். ஒரு நாள் கார் உள்ளே நுழையும்போது முதலாளி கண்ணாடியை இறக்கி, சூப்பர்வைசரிடம் கேட்டாராம்: "யார் அவன், இடது கையால சல்யூட் அடிக்கிறான்? மரியாதை தெரியாதா?"

சனிக்கிழமைக்கு வருகிறேன். விழா முடிந்து மேடையருகே க்யூ. நானும் நின்றேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பதற்கு ஒத்திகை பார்த்தபடி நின்றேன். என் முறை வந்தது.

"சார், நான் வைதேகி. உங்க ஸ்டெனோ. அன்னிக்குப் பின் சீட்டுல..."

"அடடே! நல்லா இருக்கியாம்மா? நாமெல்லாம் பொழைச்சது பெருமாள் புண்ணியம்!" என்று சொல்லிவிட்டு, போட்டோகிராபர் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ் சார்." எட்டு வருஷம் கழித்தும்! வாய் பழைய டைப்பிஸ்டின் வாயாகவே இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது என் கன்னத்தில் நானே அறையலாமா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். ஏழுமலை வீட்டு வாசலில் சைக்கிளுக்கு இடது கையால் காற்றடித்துக்கொண்டிருந்தார். மேடையில் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பம்ப்பைக் கீழே வைத்தார்.

"தோள் மேல கை வச்சாராமா?"

"ஆமாம் அண்ணா."

"ஏரியில எறக்குன்னு அவரா சொன்னாராம்?"

"ஆமாம்."

"அந்தக் கதையில நான் எங்க வரேன்?"

"வரலை அண்ணா. அவரும் கேப்டனும்தான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே ஏழுமலை சொன்னார்:

"நீதான் புக்குல எழுதறியாமே. எழுது. மொதலாளி பேரு வோணாம், அவர் பேரு கூரை மேலயே கீது. எம் பேரப் போடு. சேரப்பணஞ்சேரி ஏழுமலைன்னு, ஊரோட போடு."

சேரப்பணஞ்சேரி ஏழுமலை.

போட்டுவிட்டேன், அண்ணா. அச்சுப்பிழை வந்தால் ஆசிரியரோடு சண்டைக்கு நான் தயார்.